சக்கிமுக்கித் துப்பாக்கியின் விசைப்பூட்டு: அமைப்பும் செப்பம் செய்யும் முறையும்

கோலார் தங்கவயலில் பொன் தனித்துக் கிடைத்ததன்று. கருமையான அடுக்குப்பாறையின் ஊடே ஓடும் வெண்ணிறப் படிகக்கல் ரேகைகளில் அது கலந்து கிடைத்தது. எந்திரத் துரப்பணங்கள் வருவதற்கு முன்பு, கையுளியும் சம்மட்டியும் கொண்டு அந்த ரேகைகளைப் பிளந்த நாட்களில், எஃகு கல்லில் பட்டபோதெல்லாம் தீப்பொறி பறந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு இது அன்றாடக் காட்சி. இதே நிகழ்ச்சியைக் கைப்பிடிக்குள் அடக்கி, வேண்டிய நொடியில், வேண்டிய இடத்தில் பொறி விழுமாறு செய்த கருவியே சக்கிமுக்கித் துப்பாக்கியின் விசைப்பூட்டு ஆகும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உலகப் படைகள் இதனை நம்பி நின்றன.

இன்று இது போர்க்கருவியன்று. ஆயினும் வில்லின் விசை, உராய்வு, எஃகின் பதம், எரிதல் ஆகிய நான்கு பாடங்களையும் உள்ளங்கை அளவுள்ள ஒரே எந்திரத்தில் காட்டக்கூடிய பொருள் வேறு எளிதில் கிடைப்பதில்லை. அருங்காட்சியகங்களிலும் பழைய குடும்பங்களிலும் இத்தகைய துப்பாக்கிகள் இன்னும் இருத்தலால், அவற்றைக் காணவும் பதிவு செய்யவும் நேரும் களப்பணியாளர்களும் இதன் அமைப்பை அறிந்திருத்தல் நலம்.

கோலார் நாட்டின் தொடர்பு

மைசூர் அரசை ஆண்ட ஹைதர் அலி, தங்கவயலுக்கு அருகேயுள்ள பூதிகோட்டையில் பிறந்தவர். அவர் காலத்திலும் அவர் மகன் திப்பு சுல்தான் காலத்திலும் மைசூர்ப் படையில் ஐரோப்பிய முறையில் அமைந்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பெருகின. அதற்கு முன்பு இந்நாட்டில் பெருவழக்காக இருந்தது திரித் துப்பாக்கி. அதில் எரிந்துகொண்டேயிருக்கும் திரி ஒன்று வெடிமருந்தின் மீது தாழ்த்தப்படும். இரவில் திரியின் ஒளி பகைவனுக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். மழையில் திரி அணையும். வெடிமருந்து வண்டியின் அருகே எரியும் திரியுடன் நிற்பதும் ஆபத்து. சக்கிமுக்கித் துப்பாக்கி இக்குறைகளில் முதலாவதையும் மூன்றாவதையும் போக்கிற்று. திப்புவின் பட்டறைகளில் செய்யப்பட்டு, புலிவரி அணிவேலை பொலியும் துப்பாக்கிகள் பல இன்றும் உலக அருங்காட்சியகங்களில் காணக் கிடைக்கின்றன.

1799 ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், மைசூரின் கீழெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி 1802 இல் ஊரிகாம், மாரிக்குப்பம் பகுதிகளில் பொன் இருத்தலைக் கேட்டறிந்து ஆராய்ந்தார். பிற்காலத் தங்கவயலின் வரலாறு அங்கே தொடங்குகிறது. வாரன் காலத்துப் படைவீரர் தோளில் சுமந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகளே. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கென வகுத்த, முப்பத்தொன்பது அங்குலக் குழல் உடைய துப்பாக்கி வகை, செய்வதற்கு எளிதாக இருந்தமையால், 1797 முதல் பிரிட்டிஷ் அரசின் படைக்கும் ஏற்கப்பட்டது. இந்தியாவுக்கென வகுத்த மாதிரி இவ்வாறு இங்கிலாந்தின் பொது மாதிரியாயிற்று.

தீப்பொறி எவ்வாறு தோன்றுகிறது?

கல்லும் எஃகும் மோதும்போது கல்லிலிருந்து நெருப்பு பிறக்கிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. கூரிய கல்விளிம்பு எஃகின் முகத்திலிருந்து மிக நுண்ணிய சீவல்களைச் செதுக்குகிறது. செதுக்கும் வேலையில் எழும் வெப்பத்தால் அச்சீவல்கள் செந்தழலாகி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி எரிகின்றன. எரிவது இரும்பு, கல் உளியின் வேலையை மட்டுமே செய்கிறது. 1665 ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி, இவ்வாறு விழுந்த பொறிகளைத் தாளில் ஏந்தி நுண்ணோக்கியில் கண்டு, அவை உருகி உருண்ட இரும்புத் துளிகள் என்பதை விவரித்தார்.

இரும்புக் கம்பி விளக்குச் சுடரில் எரிவதில்லை. அரத்தூளாக்கித் தூவினால் மினுமினுத்து எரிகிறது. தூளின் பரப்பு அதன் எடையை நோக்கப் பெரிது. ஆதலால் அது விரைவில் சூடேறிப் பிராணவாயுவுடன் கூடுகிறது. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பூப்பொறியும் இத்தத்துவத்தையே காட்டுகிறது.

கல்லுக்கு இரண்டு குணங்கள் வேண்டும்: எஃகினும் கடினமாக இருத்தல், உடையும்போது கத்தி போன்ற விளிம்பு தருதல். படிகக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 7 ஆகும்; சக்கிமுக்கிக் கல்லின் கடினமும் ஏறக்குறைய அதுவே. இருந்தும், கோலார் ரேகையின் வெண்படிகக்கல் துப்பாக்கிக்கு ஏற்றதன்று. அதன் படிக மணிகள் பருமனானவை; ஆதலின் அடிபட்டதும் நொறுங்கி விளிம்பு மழுங்கும். சக்கிமுக்கியின் மணிகளோ கண்ணுக்குப் புலனாகாத அளவு நுண்ணியவை. அது சிப்பி வடிவில் வழுவழுப்பாகப் பிளந்து கூர்விளிம்பு தரும். ஒரே வேதிப்பொருளான சிலிக்கா, மணியின் அளவினால் இவ்வாறு இரு வகையாக நடந்துகொள்வது மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்கது.

கார்பைடு விளக்குகளிலும் சிகரெட் பற்றவைப்பான்களிலும் உள்ள ‘கல்’ உண்மையில் கல்லன்று. அது 1903 இல் ஆவர் வான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்ற சீரிய-இரும்புக் கலப்பு உலோகம். அங்கே எஃகுச் சக்கரம் செதுக்குகிறது. மென்மையான ‘கல்’ எரிகிறது. துப்பாக்கியில் நிகழ்வதற்கு இது நேர் மாறு.

விசைப்பூட்டின் உறுப்புகள்

குழலின் பின்முனையில் வலப்புறமாகப் பதிக்கப்படும் இரும்புத் தகடு ஒன்று இவ்வுறுப்புகளுக்கெல்லாம் ஆதாரம். தகட்டின் வெளிப்புறத்தில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது குதிரை, இது தன் இரு தாடைகளுக்கிடையே தோல் சுற்றிய கல்லைக் கவ்வி நிற்கும். (பேச்சு வழக்கில் விரலால் இழுக்கும் பகுதியையும் குதிரை என்பதுண்டு. இங்கு அப்பகுதி விரல்விசை என்று குறிக்கப்படுகிறது.) இரண்டாவது, குதிரைக்கு எதிரே கீலில் நிற்கும் எஃகுத் தட்டி, இதன் நிமிர்ந்த முகம் கல்லின் அடியை ஏற்கும், படுத்த அடிப்பகுதி மூடியாக அமையும். மூன்றாவது, அம்மூடியின் கீழுள்ள மருந்துக் கிண்ணி. நான்காவது, தட்டியைத் தன் நிலையில் அழுத்தி நிறுத்தும் சிறுவில். கிண்ணியின் அருகே குழலின் பக்கத்தில் உள்ள நுண்துளை பற்றுவாய் எனப்படும்.

தகட்டின் உட்புறத்தில் குதிரையின் அச்சோடு இணைந்த சுழற்கட்டை உள்ளது. அதனை மடிப்பு வடிவான பெருவில் எப்போதும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சுழற்கட்டையில் இரு வெட்டுகள் உண்டு: ஆழமானது பாதி வெட்டு, ஆழம் குறைந்தது முழு வெட்டு. இவ்வெட்டுகளில் விழுந்து தடுப்பது தடைநாக்கு. சுழற்கட்டையும் தடைநாக்கும் ஆடாதவாறு மேலிருந்து பிடிக்கும் சிறு தகட்டிற்குக் கடிவாளம் என்று பெயரிடலாம்.

விரல்விசையை இழுத்ததும் தடைநாக்கு முழு வெட்டை விட்டு விலகுகிறது, குதிரை பாய்கிறது, கல் எஃகு முகத்தைச் செதுக்கிக்கொண்டே தட்டியை முன்னே தள்ளுகிறது, கிண்ணி திறக்கிறது, பொறிகள் அதிலுள்ள நுண்மருந்தில் விழுகின்றன, அதன் சுடர் பற்றுவாய் வழியே குழலினுள் புகுந்து பெருமருந்தைப் பற்றவைக்கிறது. இத்தனையும் இமைப்பொழுதில் முடிகின்றன. இவற்றுள் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெடி இல்லை.

செப்பம் ஏன் வேண்டும்?

1834 இல் இங்கிலாந்தின் உல்விச்சில், சக்கிமுக்கித் துப்பாக்கியையும் புதிதாக வந்த கேப்புத் துப்பாக்கியையும் ஆறாயிரம் முறை வீதம் சுட்டுச் சோதித்தனர். சக்கிமுக்கி 922 முறை வெடிக்கத் தவறிற்று; கேப்பு 36 முறையே தவறிற்று. அதாவது முன்னதில் ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று, பின்னதில் 166 க்கு ஒன்று.

இந்த எண்களின் பொருளைச் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் 1841 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சீனத்துக் காண்டன் நகரின் புறத்தே நேரில் கண்டனர். முப்பத்தேழாம் சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு பெருமழையில் வழி தவறித் தனிப்பட்டு, ஆயிரக்கணக்கான கிராமத்தாரால் சூழப்பட்டது. கிண்ணியில் இட்ட மருந்து நனைந்தமையால் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. குத்தீட்டியை மட்டும் நம்பிச் சதுரமாக நின்று காத்துக்கொண்டனர். கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர் தேடி வந்து அவர்களை மீட்டனர். எவ்வளவு செப்பமான விசைப்பூட்டும் பெருமழையை வெல்லாது என்பது உண்மையே. ஆயின் உலர்ந்த நாளில் நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை மழுங்கிய கல், பதம் கெட்ட எஃகு, அடைபட்ட பற்றுவாய் என்ற திருத்தத்தக்க காரணங்களால் வந்தவை.

ரைபிள் வகைக்குச் செப்பம் இன்னும் இன்றியமையாதது. புரி வெட்டிய குழல் தொலைவில் குறி தவறாமல் சுடுவதற்கென்றே அமைந்தது. விரல்விசையை இழுத்த கணத்திற்கும் குண்டு வெளிப்படும் கணத்திற்கும் இடைவெளி நீண்டால், அதற்குள் கை அசைந்து குறி கலையும். ஆகவே ரைபிளின் விசைப்பூட்டு வெடிப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் வெடிக்க வேண்டும்.

செப்பம் செய்யும் ஒழுங்கு

முதல் விதி: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். இரண்டை ஒருசேர மாற்றினால், விளைந்த நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என்று அறிய இயலாது. இரண்டாம் விதி: எளிதில் மீளக்கூடியதை முதலிலும், மீளாததைக் கடைசியிலும் செய்தல். கல்லை நூறு முறை மாற்றலாம். அரத்தால் ராவிய எஃகை மீண்டும் ஒட்ட முடியாது.

(அ) கல். விசைப்பூட்டுச் சரியில்லை என்று வரும் முறையீடுகளில் பல கல்லோடு தீர்ந்துவிடும். கல்லின் விளிம்பு எஃகு முகத்தின் முழு அகலத்திலும் ஒருங்கே படும்படி நேராக நிற்க வேண்டும்; ஒரு மூலை மட்டும் முந்தினால் அம்மூலை உடையும். கல் வழுக்காதிருக்க மெல்லிய தோலையோ ஈயத் தகட்டையோ சுற்றித் தாடைகளை இறுக்க வேண்டும். பாதி வெட்டில் குதிரை நிற்கும்போது கல் தட்டியைத் தொடாமல் மிக அருகில் நின்றால் நீளம் சரி. சரிவுப் பக்கத்தை மேலாகவும் கீழாகவும் வைத்துப் பார்த்து, எதில் பொறி மிகுதியோ அதனைக் கொள்ளலாம்.

(ஆ) அடி விழும் இடம். எஃகு முகத்தில் விளக்குப் புகைக்கரியை மெல்லப் பூசி, மருந்தின்றி ஒருமுறை குதிரையைப் பாயவிட்டால் கல்லின் தடம் தெளிவாகத் தெரியும். தடம் முகத்தின் மேலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, இடையறாமல் கீழே இறங்க வேண்டும். மேலே மட்டும் சிறு தடமிருந்தால் தட்டி முந்தித் திறந்துவிட்டது. நடுவில் ஆழமான குழி விழுந்திருந்தால் கல் செதுக்காமல் குத்துகிறது. குதிரை முழுவதும் இறங்கி நின்றபின் கல்லின் முனை கிண்ணியின் நடுவை நோக்க வேண்டும்.

(இ) வில்களின் சமநிலை. பெருவில் வலிமை மிகுந்தால் பொறியும் மிகும் என்று எண்ணுவது பொதுவான தவறு. வலிமை மிகுந்தால் கல்லின் விளிம்பு நொறுங்கும். எஃகு முகம் குழி விழும். பெருவில் குதிரையை வேகமாகவும் சீராகவும் செலுத்தப் போதுமானதாக இருந்தால் சாலும். சிறுவில்லோ அதனினும் பன்மடங்கு மெல்லியதாக இருத்தல் வேண்டும். அது விறைத்திருந்தால் தட்டி திறக்க மறுத்துக் கல் உடையும். தளர்ந்திருந்தால் தட்டி உடனே விலகி, செதுக்கல் நிகழாது. திறந்த தட்டி துள்ளித் திரும்பிக் கல்லை அடிப்பதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சிறந்த கம்மியர், தட்டியின் கால் சிறுவில்லின் மீது உராயுமிடத்தில் சிற்றுருளை ஒன்றையும், பெருவில்லுக்கும் சுழற்கட்டைக்கும் இடையே சிறு இணைப்புக் கண்ணி ஒன்றையும் வைத்தனர். வில்லை வலுப்படுத்தாமல் உராய்வைக் குறைத்தே வேகத்தைப் பெற்றனர்.

(ஈ) உள்ளுறுப்புகளின் உராய்வு. தகட்டின் உட்புறத்தில் பளபளப்பாகத் தேய்ந்த இடங்கள் இருந்தால், அங்கே உறுப்பு உரசுகிறது என்று பொருள். புகைக்கரி பூசியும் இதனைக் கண்டறியலாம். அந்த இடத்தை மட்டும் நுண்ணிய எண்ணெய்ச் சாணைக்கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். வில்லைக் கழற்ற அதற்கென்றுள்ள இறுக்கியையே உபயோகிக்க வேண்டும். குறடு கொண்டு நெம்பினால் வில் முறியும், தெறித்துக் கண்ணையும் தாக்கும். பழைய திருகுகள் கையால் வெட்டப்பட்டவை. ஒன்று மற்றொன்றின் துளையில் பொருந்தாது. ஆகையால் கழற்றும்போதே ஒரு பலகையில் துளையிட்டு, இடவரிசைப்படி செருகி வைப்பது நல்லது.

(உ) எஃகின் பதம். தட்டியின் முகம் மிக மென்மையாயிருந்தால் கல் அதனை ஆழமாக உழும். பொறிகள் சிலவாகவும் மங்கிய சிவப்பாகவும் விழும். மிகக் கடினமாயிருந்தால் கல் கண்ணாடிமேல் போல வழுக்கும், பொறியே இராது. நல்ல அரத்தை முகத்தின் ஓரத்தில் மெல்ல இழுத்தால், சரியான பதத்தில் அது பிடிக்காமல் வழுக்கிச் செல்லும். பதம் கெட்டிருப்பின் தட்டியைச் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்ச்சலிட்டு, பின்னர் வைக்கோல் நிறம் தோன்றும் வரை, ஏறத்தாழ 220 முதல் 230 டிகிரி செண்டிகிரேடு வரை, மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். வில்லுக்கு இப்பதம் உதவாது. அது நீல நிறம் தோன்றும் 300 டிகிரி அளவு வரையோ அதற்கு மேலோ சூடாக்கப்பட்டால்தான் முறியாமல் வளையும். ஒரே எஃகு வைக்கோல் நிறத்தில் உளியாகவும் நீல நிறத்தில் வில்லாகவும் ஆகிறது. சுரங்கங்களின் கொல்லுப் பட்டறைகளில் மழுங்கிய துளையுளிகளைக் காய்ச்சித் தோய்த்துக் கூராக்கிய கொல்லர்கள் பின்பற்றிய தத்துவமும் இதுவே.

(ஊ) கிண்ணியும் பற்றுவாயும். மூடிய கிண்ணிக்கும் தட்டிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் ஈரம் புகும், மருந்து சிந்தும். பற்றுவாய் கிண்ணியின் மேல்விளிம்பிற்கு நேராக அமைய வேண்டும். அதன் விட்டம் பொதுவாக ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கிண்ணியில் மருந்தை அளவோடு இட்டு, துளை அடைபடாமல் விட வேண்டும். துளைக்குள் மருந்து அடைந்திருந்தால் சுடர் பாயாமல், திரி போலத் துகள் துகளாக எரிந்து செல்லும். அதனால் வெடி தாமதிக்கும். கிண்ணி மட்டும் எரிந்து குழல் வெடிக்காமற் போவதற்கு அடைபட்ட பற்றுவாயே பெரும்பாலும் காரணம்.

இந்த இடத்தில்தான் பொன் துப்பாக்கியின் உறுப்பாகிறது. வெடிமருந்தின் கழிவு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பற்றுவாய் நாளடைவில் அகன்று, குழலின் ஆவி பக்கவாட்டில் பீறிடும். உயர்ந்த வேலைப்பாடுடைய துப்பாக்கிகளில் பற்றுவாய்க்கும் சில வேளை கிண்ணிக்கும் பொன்னால் உறையிட்டனர். பின்னர்ப் பிளாட்டினமும் இடம்பெற்றது. அணிகலனுக்காக மட்டுமே பொன் தேடப்பட்டது என்று எண்ணும் மாணவர்க்கு, துருவேறாமை என்ற அதன் வேதிக்குணம் கருவியில் பயன்பட்டதற்கு இது பழைய சான்று.

(எ) எண்ணெய். மெல்லிய எந்திர எண்ணெயில் ஓரிரு துளிகள் போதும். தேங்காயெண்ணெய் கூடாது. அது சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். கோலார் மேட்டுநிலத்தின் மார்கழிக் காலை அதனினும் குளிர்ந்தது. உறைந்த எண்ணெயில் சுழற்கட்டை மந்தமாகச் சுழலும். வில்லைக் குறை கூறிப் பயனில்லை.

உயிரைக் காக்கும் வெட்டு

விசைப்பூட்டில் வேகத்திற்காக ஒருபோதும் தொடலாகாத இடம் ஒன்று உண்டு. அதுவே தடைநாக்கின் முனையும், சுழற்கட்டையின் வெட்டுகளும் சேருமிடம். பாதி வெட்டில் நாக்கின் முனை ஆழப் புகுந்து பூட்டிக்கொள்ளும். விரல்விசையை எவ்வளவு இழுத்தாலும் குதிரை விழாது. இந்நிலையில்தான் கிண்ணியில் மருந்து இடப்படுகிறது. அவ்வெட்டின் உதடு தேய்ந்தோ உடைந்தோ இருந்தால், மருந்திடும் வேளையிலேயே துப்பாக்கி வெடிக்கும். எதிரே நிற்பவர் உயிர் போகும்.

விரல்விசை இலகுவாக வேண்டுமென்று முழு வெட்டின் ஆழத்தைக் குறைப்போர் உண்டு. அப்போது சிறு அதிர்ச்சியிலேயே குதிரை பாயும். இலகு என்பது பொருந்தும் பரப்புகளை மினுக்குவதால் வர வேண்டுமேயன்றி, பரப்பைக் குறைப்பதால் அன்று. மினுக்கும்போதும் மூலைகள் உருண்டுவிடாமல் கோணம் காக்கப்பட வேண்டும்.

சோதனை எளிது. குழலில் மருந்தோ குண்டோ இல்லை என்பதைக் கோல் விட்டு அளந்து உறுதி செய்துகொண்டபின், பாதி வெட்டில் விரல்விசையை அழுத்தி இழுக்க வேண்டும்; குதிரை அசையலாகாது. முழு வெட்டில் குதிரையின் முதுகைக் கட்டைவிரலால் முன்னே தள்ள வேண்டும், நழுவலாகாது. இவ்விரண்டில் ஒன்றில் தவறினும் அத்துப்பாக்கி சுடத்தக்கதன்று. வெட்டைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் சுழற்கட்டையையே புதிதாகச் செய்ய வேண்டும்.

சோதனையில் கல்லின்றிக் குதிரையைப் பாயவிடுவதும் தவறு. தாடையில் மரத்துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அன்னக் கழுத்துப் போல் வளைந்த பழைய குதிரைகள் கழுத்தில் முறிவதுண்டு. அதனால்தான் 1809 முதல் இந்திய மாதிரித் துப்பாக்கியில் கழுத்து வளைவை வளையம் போல் நிரப்பி வலுப்படுத்தினர்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

மேற்கூறிய செப்பமெல்லாம் புதிதாகச் செய்யப்பட்ட மாதிரிகளுக்கும், உரிமம் பெற்றோர் வைத்துள்ள கருவிகளுக்கும் உரியவை. பழம்பொருளுக்கு அவை பொருந்தா. இருநூறு ஆண்டுப் பழமையுள்ள விசைப்பூட்டில் ஒவ்வொரு அரத் தடமும் தேய்மானமும் வரலாற்றுச் சான்று. எஃகு முகத்தில் உள்ள கல்லின் கீறல்கள் அது எத்தனை உழைத்தது என்பதைச் சொல்லும். அதனை மினுக்குவது கல்வெட்டைச் செதுக்கி அழிப்பது போன்றதே. அங்கே தூசு துடைத்தல், ஈரம் அகற்றல், துரு பரவாமல் தடுத்தல் ஆகியவற்றோடு நிற்க வேண்டும். குதிரையை ஏற்றவும் கூடாது.

சட்டமும் இதனோடு இசைகிறது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழமையான துப்பாக்கிக்கே விலக்கு அளிக்கிறது. சுடக்கூடிய நிலையிலுள்ளதையோ அந்நிலைக்குக் கொணரக்கூடியதையோ வைத்திருக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த பொருள்கள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரக்கூடும். ஆகவே ஊர்களில் இத்தகைய துப்பாக்கியைக் காணும் பணியாளர், அதனைக் கையாளும் முன் குழலில் மருந்து உள்ளதாகவே கருதி நடக்க வேண்டும். பல தலைமுறைக்கு முன் திணித்த மருந்தும் உலர்ந்திருந்தால் இன்றும் வெடிக்கும். குழலைச் சூடாக்குவதும், துளையில் கம்பி விட்டுக் குடைவதும் பெரும் ஆபத்து. அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டு, அளவையும் படத்தையும் பதிவு செய்தாலே களப்பணி நிறைவுறும்.

வகுப்பறைக்குரிய பயிற்சிகள்

1. இரும்பு அரத்தூளைச் சுடர் விளக்கின் மேல் சிட்டிகை அளவு தூவி, பொறிகளைக் காட்டுக. அதே எடையுள்ள ஆணி எரியாமைக்குக் காரணம் கேட்க. கண்களுக்குக் கண்ணாடிக் காப்பு அணிவிக்க.

2. பழைய அரத்துண்டு ஒன்றை இருட்டறையில் படிகக்கல்லாலும், கூர்விளிம்புள்ள சக்கிமுக்கி அல்லது அகேட் கல்லாலும் உரசி, எதில் பொறி மிகுதி, எந்த விளிம்பு விரைவில் மழுங்குகிறது என்று அட்டவணையில் குறிக்கச் செய்க.

3. மரத்தாலும் ரப்பர்ப் பட்டையாலும் விசைப்பூட்டின் பெரிய மாதிரி ஒன்று செய்க. சிறுவில்லுக்குரிய பட்டையை மட்டும் மாற்றி மாற்றி, தட்டி திறக்கும் நிலையில் ஏற்படும் வேறுபாட்டைப் பதிவு செய்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றும் விதியை இங்கே வலியுறுத்துக.

4. உல்விச் சோதனையின் எண்களிலிருந்து இரு வகைத் துப்பாக்கிகளின் தவறு விகிதத்தை நூற்றுவீதமாகக் கணக்கிடச் செய்க. அறுபது பேர் ஒருமுறை சுட்டால் எத்தனை துப்பாக்கிகள் தவறக்கூடும் என்று மதிப்பிடச் செய்க. சக்கிமுக்கிக்கு ஏறத்தாழ ஒன்பது வரும். கேப்புக்கு ஒன்றுகூட வாராது எனலாம்.

5. கோலார் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. அங்கே பணிபுரிந்த முதியோர் எவரேனும் ஊரில் இருப்பின், துளையுளியின் பதத்தை நிறம் கண்டு அறிந்த முறையை அவரிடம் கேட்டு, வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்ற வரிசையோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதி வருமாறு மாணவரைப் பணிக்க.